ஈயம் இல்லை

ஒரு ஊரில் கரண்டுக்கு நிலையான புத்தி கிடையாது. நினைத்தால் ஏறும், நினைத்தால் இறங்கும். ஏறுகிற அன்றைக்கு ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ் புகையும். இறங்குகிற அன்றைக்கு இன்னொரு வீட்டில் மோட்டார் முனகிக்கொண்டே படுத்துவிடும். கரண்டுக்குப் புத்தி சொல்வதற்கென்றே அந்த ஊர் எல்லையில் ஒரு தொழிற்சாலை இருந்ததாம். அங்கே ஸ்டெபிலைசர் பெட்டிகள் செய்து உள்ளூருக்கும் கடல் தாண்டியும் அனுப்பினார்கள்.

தொழிற்சாலையின் நடுவில் ஒரு சட்டி. சட்டிக்குள் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் காரீயம், தம்பி வெள்ளீயம்.

தம்பியை உங்களுக்குத் தெரியும். ரசம் வைக்கிற ஈயச்செம்பு அவன்தான். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பளபளவென்று பூசுவார்களே, அந்த ஈயமும் அவன்தான். அண்ணனையும் தெரியும். மீன்வலையின் ஓரத்தில் குண்டு குண்டாகத் தொங்குகிறவன், கார் பேட்டரிக்குள் தகடாக நிற்கிறவன். கறுப்பு, கனம், அவசரமே படாத சுபாவம். இரண்டு பேரையும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட ஊரில் யாருக்கும் பொறுமை இல்லை. இவனையும் ஈயம் என்பார்கள், அவனையும் ஈயம் என்பார்கள். கூப்பிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்கள்.

தனியாக இருந்தால் இரண்டு பேருமே பிடிவாதக்காரர்கள்தான். அண்ணன் இளகுவதற்குப் பெரிய தீ வேண்டும். தம்பிக்கு அவ்வளவு வேண்டாம் என்றாலும் சின்னத் தீ போதாது. ஆனால் இரண்டு பேரையும் ஒரே சட்டியில் போட்டால், தம்பி தனியாக இளகுகிற சூடு வருவதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் இளகிக் குழம்பாகிவிடுவார்கள். இது எப்படி என்று சட்டிக்கு ஆச்சரியம். ஒருநாள் கேட்டே விட்டாள்.

"அண்ணன் பக்கத்துல இருந்தா முறுக்கிக்கிட்டு நிக்கத் தோணறதில்லைங்க்கா," என்றான் வெள்ளீயம்.

காரீயம் ஒரு குமிழி விட்டதோடு சரி. அவன் பேச்சுக் குறைவு.

அவர்களுடைய வேலை ஒட்டுவது. பெட்டிக்குள் வைக்கிற பச்சை சர்க்யூட் அட்டைகள் வரிசையாக வந்து சட்டியின் மேல் வயிற்றை நனைத்துக்கொண்டு போகும். போகிற ஒவ்வொரு அட்டையிலும் அண்ணனும் தம்பியும் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொள்வார்கள். தோளில் கைபோட்டபடி இறுகி, அட்டையில் குத்தி நிற்கிற கம்பிக் கால்களைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்தால் விடமாட்டார்கள். உலோகங்களுக்கு உடம்புதான் பல, உயிர் ஒன்று. அதனால் அவர்கள் சட்டியில் கொதித்துக்கொண்டே ஊரில் உள்ள வீடுகளிலெல்லாம் சுவரோரம் உட்கார்ந்து கரண்டுக்குப் புத்தி சொல்லிக்கொண்டும் இருந்தார்கள்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் சட்டம் வந்தது.

அது கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்திருந்தது. வழியில் எத்தனையோ ஊரில் நின்று, எத்தனையோ பாஷையில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அதற்கு நாக்கு வறண்டிருந்தது. வாசலில் நின்றபடியே சொன்னது. உங்கள் சட்டியில் இருக்கிறவர்களில் ஒருவன் விஷம். பெட்டி பழசாகிக் குப்பைக்குப் போனால் அவன் மண்ணில் இறங்குவான், தண்ணீரில் இறங்குவான், அப்புறம் குழந்தைகளின் ரத்தத்தில் இறங்குவான். இனிமேல் அவனை வெளியே அனுப்பக் கூடாது. ஆயிரம் பங்கில் ஒரு பங்குக்கு மேல் அவன் வாடைகூட இருக்கக் கூடாது. இவ்வளவும் சொல்லிவிட்டு அவன் பெயரையும் சொன்னது. அதைத் தன் பாஷையில் சொன்னது.

வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தது. தொழிற்சாலையின் வாய் அதுதான். உள்ளே யார் வரலாம், வரக் கூடாது என்று சொல்கிற அதிகாரமும் அதற்குத்தான். அந்தப் பெயருக்கு நம் பேச்சில் என்ன என்று பலகை உள்ளே கேட்டது. "ஈயந்தான், வேற என்ன," என்று உள்ளேயிருந்து யாரோ சொன்னார்கள். பலகைக்கு அகலம் குறைவு. நீளமான பெயருக்கு அதில் இடமும் இல்லை, ஆசையும் இல்லை. ஊரே கூப்பிடுகிற பெயரை எழுதி வைத்துக்கொண்டது.

ஈயம் இல்லை.

சட்டத்துக்கு அந்த எழுத்துப் படிக்கத் தெரியாது. பார்க்க வடிவாக இருந்தது, சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தது. அதன் ஊரில் காரீயத்துக்கும் வெள்ளீயத்துக்கும் பெயர் வேறு வேறு. ஒரு எழுத்துகூட ஒட்டாது. அண்ணன் தம்பி என்று அங்கே யாருக்கும் தெரியாது.

காரீயத்தை இறக்கி வெளியே வைத்தார்கள். அப்போது பிளக்கின் கால், அது பித்தளை, ஒரு மூலையிலிருந்து சிரித்ததாம். ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளித்தது என்று பழமொழி இருக்கிறதல்லவா, அதைக் காப்பாற்ற வேண்டுமே. இத்தனைக்கும் அதன் வயிற்றிலேயே கொஞ்சம் காரீயம் இருந்தது. கடைசல் பிடிக்க இளக்கமாக இருக்கட்டும் என்று சேர்த்தது. அதற்கு மட்டும் சட்டம் விலக்குத் தந்திருந்தது. காரீயம் அதைப் பார்த்தான், சொல்லிக்காட்டவில்லை.

சட்டியும் போக வேண்டும் என்றார்கள். அவள் சுவரெல்லாம் அண்ணன் ஊறிப்போயிருந்தான். எத்தனை சுரண்டினாலும் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கவில்லை.

கிளம்பும்போது காரீயம் தம்பியிடம் வந்தான்.

"நான் போறதுல தப்பில்லடா. வந்தவர் சொன்னது பொய்யும் இல்லை. ஆனா ஏற்கெனவே வெளிய போன பெட்டிக்குள்ள எல்லாம் நான் இருக்கறனே. அதை யாருகிட்டச் சொல்றது?"

"அது திரும்பி வரும்போது பாத்துக்கலாம்ணா," என்றான் வெள்ளீயம்.

"வந்தா, நான் இந்த வீட்டுக்காரன்னு நீ சொல்லுவியா?"

"சொல்லாம?"

கிளம்புகிறவர்களிடம் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். காரீயம் அதை வாங்கி வைத்துக்கொண்டான். பிறகு அவனை ஏற்றிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தெருவில் பேட்டரி செய்கிற இடத்தில் இறக்கினார்கள். அங்கே அவனுக்கு வேலை இருந்தது. ஒரு வாசலில் விரட்டினால் அடுத்த வாசலில் கூப்பிடுவார்கள், அவன் தலையெழுத்து அப்படி.

புதுச் சட்டி வந்தாள். வெள்ளியும் செம்பும் சட்டிக்கு வந்தார்கள். நூற்றில் ஏதோ கொஞ்சம்தான், ஆனாலும் பெரிய வீட்டு ஆட்கள். வெள்ளி வந்த அன்றே வெள்ளீயத்திடம், இனிமேல் நாமெல்லாம் ஒன்று, பழைய பேச்சு வேண்டாம் என்று நயமாகச் சொல்லிவிட்டது.

தீயைக் கூட்ட வேண்டியிருந்தது. முன்பு இளகிய சூட்டில் வெள்ளீயம் இப்போது இளகவில்லை. தீயைக் கூட்டக் கூட்ட அவனுக்குக் கோபம் கூடி, சட்டியின் சுவரையே கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்றான். புதுச் சட்டி ஒருநாள், ஏம்ப்பா, உனக்கு முன்னால் இருந்தவளையும் இப்படித்தான் கடித்தாயா என்று கேட்டாள். இல்லை என்றான். அவன் ஒட்டின இடங்களில் பழைய மினுமினுப்பு இல்லை. சாம்பல் பூத்தமாதிரி இருந்தது.

வாசலில் பெரிய பெரிய ஆட்கள் வந்து பலகையைப் படித்துவிட்டுக் கைதட்டினார்கள். ஈயம் இல்லாத தொழிற்சாலை என்று படம் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே சட்டி நிறைய ஈயம் கொதித்துக்கொண்டிருந்தது. முதலில் வெள்ளீயத்துக்கு அது வேடிக்கையாக இருந்தது. நான் இல்லாத வீட்டில் நான் வேலை செய்கிறேன் என்று செம்பிடம் சொல்லிச் சிரித்தான். செம்பு சிரிக்கவில்லை. வெள்ளிதான் பதில் சொன்னது.

"உன்னைச் சொல்லலை, உங்கண்ணனைச் சொல்றாங்க. நீ கண்டுக்காத. உன்னை ஈயம்னு யாரும் நினைக்காத வரைக்கும் நீ இங்க இருக்கலாம்."

அதற்குப் பிறகு யாராவது ஈயம் என்று சொன்னால் வெள்ளீயம் திரும்பிப் பார்ப்பதில்லை.

வெள்ளீயத்துக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே அழுத்தம் இருந்தால் மேலே முடி முளைக்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத, ஊசியைவிட மெல்லிய முடி. அண்ணன் கூட இருந்த காலத்தில் அது முளைத்ததே இல்லை. இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. அது பக்கத்துக் கம்பிக் காலைப் போய்த் தொட, கரண்டு தடம் மாறி, நல்ல பெட்டி ஒன்றிரண்டு காரணமில்லாமல் செத்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அவனுக்குத் தெரியும்.

காலம் போயிற்று. சட்டம் இரண்டாவது தடவை வந்தது. இந்தத் தடவை இன்னும் களைத்திருந்தது, ஒரு செருப்பு வார் அறுந்திருந்தது. அது சொன்னது இதுதான். நீங்கள் அனுப்பிய பெட்டிகள் பழசாகிவிட்டால் நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பிரித்து, விஷத்தைத் தனியாக எடுத்துப் பத்திரமாகப் பூட்டி வைக்க வேண்டும்.

"நாங்கள் அனுப்பியவற்றைத்தானே?" என்றது பலகை.

"ஆமா."

"ஆகட்டும்."

வந்த வேலை சுலபமாக முடிந்துவிட்டது என்று சட்டத்துக்கு நிம்மதி. வாசலோரம் ஒரு புங்கமரம் இருந்தது. அதன் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தது. உட்கார்ந்தது அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டது.

அது தூங்கிக்கொண்டிருக்கும்போதுதான் தள்ளுவண்டி ஒன்று கிறீச் கிறீச் என்று வந்து நின்றது. மேலே ஒரு சாக்கு. சாக்கு நிறைய பழைய ஸ்டெபிலைசர்கள். அதிலே வயதான ஒன்று சாக்கின் வாயருகில் இருந்தது. ஒரு டீச்சர் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ரொம்ப காலம் காவல் இருந்த பெட்டி. வீட்டில் ஃப்ரிட்ஜை மாற்றினார்கள், புது ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வேண்டாமாம், தன் புத்தி தனக்கே உண்டாம். இதைத் தூக்கி வண்டியில் போட்டுவிட்டார்கள். பேசுவதற்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் போடுவது அதற்குப் பழக்கம்.

"டக். வணக்கமுங்க. நான் இந்த வீட்டுப் பிள்ளைங்க. கூட இருக்கறதெல்லாம் என் அண்ணன் தம்பிக. உள்ள விடோணும்."

பலகை அதை மேலிருந்து கீழே பார்த்தது. உன்னுள்ளே ஒட்டியிருப்பது என்ன என்று கேட்டது.

"ஈயமுங்க."

"இங்கே ஈயம் இல்லை. உன்னுள்ளே ஈயம் இருக்கிறது. ஆகவே நீ இங்கே பிறந்திருக்க முடியாது."

பெட்டிக்குப் பேச்சு எந்தப் பக்கம் ஏறுகிறது, எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பிடிபடவில்லை.

"டக். அப்ப நான் எங்கீங்க பொறந்தேன்?"

அது உன் பாடு என்றது பலகை. முதுகில் பெயர் ஒட்டியிருக்கும், பாருங்கள் என்று பெட்டி திரும்பிக் காட்டியது. டீச்சர் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அந்த ஸ்டிக்கர் எப்போதோ உரிந்துவிட்டது. பசைதான் இருந்தது, அதில் அழுக்கு ஒட்டியிருந்தது. சாக்கில் இருந்த மற்றவர்களின் முதுகும் அதே கதிதான்.

யாராவது ஒருத்தர் உன்னைத் தெரியும் என்று உள்ளேயிருந்து சொல்லட்டும், விடுகிறேன் என்றது பலகை. உள்ளே இருப்பதெல்லாம் புதுசு. புதுச் சட்டிக்குத் தெரியாது, வெள்ளிக்கும் செம்புக்கும் தெரியாது. தெரிந்த பழைய சட்டி எங்கே போனாளோ. பலகை இதையெல்லாம் தெரிந்துதான் கேட்டது.

தள்ளுவண்டிக்குப் பொறுமை போய்விட்டது.

"வெரசாச் சொல்லுங்கப்பா. எனக்கு இங்க எறக்கினாலும் ஒண்ணுதான், வாய்க்கால் கரையில எறக்கினாலும் ஒண்ணுதான். சக்கரத்துல கிரீஸ் இல்லை. நின்னுட்டா மறுபடி கெளம்பறதுதான் பாடு."

வாய்க்கால் கரை என்ற சொல்லைக் கேட்டதும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கனமான குரல். பலகைக்கு அது யார் என்று தெரியவில்லை. தொழிற்சாலைக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தவனுக்குத் தெரிந்தது. உள்ளே மட்டுமா, வாசலில் புதுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி கடலுக்குப் போக நின்றிருந்தது. அதில் இருந்த ஒவ்வொரு பெட்டியிலும் அவன்தான் இருந்தான்.

"தம்பி," என்றான் காரீயம்.

வெள்ளீயம் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு உள்ள வந்து வேலை செய்யோணும்னு இல்லடா. அந்த ஆசையெல்லாம் போயிடுச்சு. வாய்க்கால் கரைக்கு மட்டும் என்னை விட்றாத."

அங்கே என்ன என்று வெள்ளீயம் கேட்கவில்லை. அண்ணனே சொன்னான். போன மழைக்கு முன்னால் இதேமாதிரி ஒரு சாக்கு அங்கே போயிருக்கிறது. அங்கே ராக்கியம்மா என்று ஒருத்தி. பச்சை அட்டைகளை ஒயரோடு சேர்த்துத் தீயில் போட்டுச் செம்பை மட்டும் பொறுக்கி எடுப்பாள். அவள் பொல்லாதவள் இல்லை. அவளுக்கு அந்த வேலைதான் கிடைத்தது. பக்கத்து வேலமரத்தில் சேலையில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டிருப்பாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத் தூளியை மாற்றி மாற்றிக் கட்டுவாள். ஆனால் காற்றுக்கும் கரண்டு மாதிரிதான் புத்தி.

"புகையோட போனேன். சாம்பலோட அந்தப் பிள்ளை கைக்கும் போனேன். கையை வாய்ல வச்சுது. நான் நாக்குக்கு இனிப்பாத்தான் இருப்பேன், உனக்குத் தெரியுமல்லோ. உள்ள போனா எலும்பு என்னைச் சுண்ணாம்புன்னு நினைச்சு எடம் குடுத்துருச்சு. 'வா, உட்காரு'ன்னுச்சு. நம்பி எடம் குடுத்த வீட்டுல விஷமா உட்கார்ந்திருக்கறது எனக்குப் பழகலைடா. ஒரு பிள்ளை போதும். இந்தச் சாக்கும் அங்க போகவேண்டாம். என்னை எங்கியாச்சும் போட்டுப் பூட்டச் சொல்லு."

உலகத்தில் எல்லோரும் திறந்துவிடச் சொல்லித்தான் கேட்பார்கள். பூட்டச் சொல்லி ஒருவன் கேட்டதைத் தள்ளுவண்டி அன்றைக்குத்தான் கேட்டது. அதுகூடக் கிறீச்சிடாமல் நின்றது.

வெள்ளி மெதுவாக வெள்ளீயத்தின் காதில் சொன்னது. வாயைத் திறக்காதே. ஈயம் இருக்கிறது என்று உன் வாயால் சொன்னால் அதோ அந்த லாரி நகராது. உன்னையும் பிடித்து வெளியே தள்ளுவார்கள். அண்ணனுக்காவது பேட்டரி இருக்கிறது, உனக்கு எந்த வாசல் இருக்கிறது?

வெள்ளி சொன்னது பொய்யில்லை. வெள்ளீயம் கொதித்தபடி இருந்தான். சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தான். ஒன்றும் ஆகாது. வண்டி போகும். லாரியும் போகும். நாளைக்கும் அட்டைகள் வரும், ஒட்டலாம். முடி முளைக்கும், அவ்வளவுதான்.

அப்போதுதான் அவன் பெட்டிக்குள் பார்த்தான். பழைய அட்டையின் ஒவ்வொரு காலிலும் அண்ணன் இறுகி நின்றிருந்தான். அண்ணனுடைய தோளில் கைபோட்டபடி அவனும் நின்றிருந்தான். அவனேதான். வாய்க்கால் கரைக்குப் போகப்போவது அண்ணன் மட்டும் இல்லை. இத்தனை காலம் அந்தப் பெட்டிக்குள் அவன் கையை எடுக்கவே இல்லை. இங்கே சட்டிக்குள் இருந்தவன்தான் எடுத்துவிட்டான்.

"ஏனுங்க பலகை," என்றான் வெள்ளீயம்.

யார் கூப்பிட்டது என்று பலகை சுற்றும் முற்றும் பார்த்தது. அந்தச் சட்டிக்குள்ளிருந்து அதற்கு யாரும் குரல் கொடுத்ததே இல்லை.

"ஈயம் இருக்குதுங்க. நான் ஈயந்தான். இவங்க என் அண்ணன். அந்தப் பெட்டியெல்லாம் நாங்க ரெண்டு பேரும் ஒட்டினது."

பலகைக்கு முகம் வெளிறிவிட்டது. அதன் பெயிண்ட் அப்போதுதான் இரண்டு இடத்தில் உரிந்தது என்பார்கள். மெதுவாகப் பேசு, மெதுவாகப் பேசு என்றது. ஆனால் சட்டத்துக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. ஈயம் என்ற சொல் புரியாவிட்டாலும், ஒளிக்கிற குரல் எந்தப் பாஷையிலும் அதற்குப் புரியும். எழுந்து வந்து, என்ன நடக்கிறது என்று கேட்டது.

எல்லாவற்றையும் அதற்குச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்பதை விளக்கத்தான் ரொம்ப நேரம் ஆயிற்று. ஈயச்செம்பில் ரசம் வைக்கிற ஊர் இது, அந்த ஈயம் வேறு, இந்த ஈயம் வேறு, ஆனால் இரண்டும் ஈயம் என்று தள்ளுவண்டி ஒரு பக்கம் சொல்ல, பெட்டி டக் டக் என்று இன்னொரு பக்கம் சொல்ல, சட்டம் தலையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் புங்கமரத்தடியில் உட்கார்ந்துவிட்டது.

"எங்க ஊர்ல இவங்க சொந்தம்னே யாருக்கும் தெரியாது," என்றது. பிறகு பலகையைப் பார்த்தது. "நான் சொன்னதை நீ என்னன்னு எழுதி வச்சிருக்க?"

பலகை வாசித்துக் காட்டியது. இந்தத் தடவை அர்த்தமும் சொல்ல வேண்டியிருந்தது.

சட்டம் பெருமூச்சு விட்டது. லாரியில் இருந்த ஒரு புதுப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தது. அண்ணன் வாடை ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. லாரி போகட்டும் என்று கையைக் காட்டியது. பிறகு களைத்த குரலில் சொன்னது.

"உள்ள இருக்கறவன் அங்கேயே இருக்கட்டும். வெளிய இருக்கறவனை உள்ள கூப்பிட்டுப் பூட்டி வை. நான் கேட்டது அவ்வளவுதான். ஒருத்தனை இல்லைன்னு சொல்லச் சொல்லி நான் எந்த ஊர்லயும் கேக்கலை."

சாக்கை இறக்கினார்கள். இறக்கிய கையோடு தள்ளுவண்டி, சக்கரத்துக்கு ஒரு சொட்டு கிரீஸ் கிடைக்குமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போயிற்று.

தொழிற்சாலையின் பின்பக்கத்தில் ஒரு கூடம் ஒதுக்கினார்கள். பெட்டிகளைத் திறந்து அட்டைகளை எடுத்துச் சூடு காட்டினார்கள். புகை வெளியே போகாதபடி இழுத்து வடிகட்ட மேலே ஒரு குழாய் வைத்திருந்தார்கள். டீச்சர் வீட்டுப் பெட்டி கடைசியாக ஒரு டக் சொல்லிவிட்டு மூடியைத் திறந்து கொடுத்தது. அட்டையை வைத்ததும் அண்ணனும் தம்பியும் கொஞ்ச சூட்டிலேயே இளகிவிட்டார்கள், பழைய சட்டியில் இளகினதுபோலவே. ஒட்டினது சுலபம். பிரிப்பதுதான் நாள் பிடித்தது. தம்பியை ஒரு பக்கமும் அண்ணனை ஒரு பக்கமும் எடுத்து, அண்ணனை ஒரு இரும்புப் பீப்பாயில் இறக்கினார்கள்.

இன்னும் எத்தனையோ வீட்டில் இருக்கிறாய், எல்லாவற்றையும் எப்போது கொண்டுவந்து சேர்ப்பது என்று கேட்டான் வெள்ளீயம். வரவர சேர்க்கவேண்டியதுதான் என்றான் காரீயம். அவன் குரலில் அலுப்பும் இருந்தது, கொஞ்சம் ஆறுதலும் இருந்தது.

"மூடியை நல்லா இறுக்கச் சொல்லுடா," என்றான். அதற்குப் பிறகு மூடிவிட்டார்கள்.

பலகையைத் திருத்த வேண்டும் என்று சட்டம் சொல்லிவிட்டுப் போயிருந்தது. எழுதினதை அழிக்கப் பலகைக்கு மனசு வரவில்லை. படம் பிடித்த எழுத்தல்லவா. அதனால் பழைய எழுத்தை அப்படியே விட்டுவிட்டு, முன்னால் மிச்சமிருந்த விரலகல இடத்தில் 'கார்' என்று பொடி எழுத்தில் இடுக்கி எழுதிக்கொண்டது.

கார் ஈயம் இல்லை.

பக்கத்தில் வந்து படிக்கிறவர்கள், ஓகோ, கார் பேட்டரிக்காரர்களை வரவேண்டாம் என்கிறார்கள்போல என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு மெக்கானிக் உள்ளே வந்து, அப்படியென்றால் பைக் ஈயம் எடுப்பீர்களா என்று கேட்டுவிட்டுப் போனானாம். தூரத்தில் சாலையோடு போகிறவர்களுக்கோ அந்தப் பொடி எழுத்துத் தெரிவதே இல்லை. பழையபடி ஈயம் இல்லை என்றுதான் தெரிகிறது. பழைய பெட்டிகளை ஏற்றி வருகிற வண்டிகளில் பாதி அதைப் படித்துவிட்டு, வாசல்வரைக்கும்கூட வராமல், வாய்க்கால் பக்கம் திரும்பிவிடுகின்றன.

அதனால் வெள்ளீயத்துக்கு இப்போது இரண்டு வேலை. ஒன்று, சட்டியில் கொதித்து ஒட்டுவது. முடி முளைப்பது மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று புதுச் சட்டி சொல்கிறாள். இன்னொன்று, சாலையில் கிறீச் கிறீச் என்று சத்தம் கேட்கிறபோதெல்லாம், கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு, தொண்டை வறள வறள வாசலைப் பார்த்துக் கூப்பிடுவது:

"ஈயம் இருக்குதுங்க. உள்ள வாங்க."